வீட்டுக்கு வந்த இணையம் அறைக்கு வரவில்லையே, ஏன்?



கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், கல்வராயன் மலையின் அடிவாரத்தில் வடக்கனந்தல் என்னும் ஊர் இருக்கிறது. பக்கத்திலேயே கோமுகி அணை. அணைப் பாசனம் உள்ள ஊர்க்காரர்களுக்கு ஓர் உண்மை நன்றாகத் தெரியும். அணையில் தண்ணீர் இருந்தால் மட்டும் போதாது. வாய்க்கால் சரியாக இருந்தால்தான் கடைமடை வயல் நனையும். வயலுக்கு நீர் வராவிட்டால் விவசாயி மண்வெட்டியுடன் வாய்க்கால் ஓரமாக நடந்து, அடைப்பு எங்கே என்று தேடுகிறார்.

இணையத்துக்கும் இதே முறைதான். உங்கள் வீட்டுக் கூடத்தில் பாடப் படம் தடையின்றி ஓடுகிறது. நீங்கள் படிக்கும் பின்னறையிலோ ஆசிரியரின் குரல் விட்டு விட்டுக் கேட்கிறது. "புது ரூட்டர் வாங்கினால் சரியாகிவிடும்" என்று யாரோ சொல்ல, அப்பா பணத்தை எடுத்துக்கொண்டு கடைக்குப் புறப்படுகிறார். சற்றுப் பொறுக்கச் சொல்லுங்கள்! முதலில் நாம் வாய்க்காலோரம் நடந்து பார்ப்போம்.

ஒளி வரும் வழி

இன்று பல வீடுகளுக்கு இணையம் ஒளியிழை வழியாக வருகிறது. இழையின் நடுவிலுள்ள கண்ணாடிக் கருவின் குறுக்களவு சுமார் 9 மைக்ரான்; நம் தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியது. அதனுள் ஒளி முழு அக எதிரொளிப்பு அடைந்து, நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. தூய கண்ணாடி இழையில் செய்திகளை நெடுந்தொலைவு அனுப்பலாம் என்று 1966இல் காட்டிய சார்லஸ் காவோ, 2009இல் நோபல் பரிசு பெற்றார்.

இழையைச் சுவர் மூலையில் கூர்மையாக மடித்தால் ஒளி வெளியே கசிந்துவிடும். ஆகவே வளைவு அகலமாக இருக்கட்டும். இழையின் முனையைக் கண்ணருகே வைத்துப் பார்க்காதீர்கள். அதில் வருவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி, கண்ணுக்குக் கேடு.

பிட் வேறு, பைட் வேறு

"100 மெகாபிட் இணைப்பு" என்கிறார்கள். ஆனால் கோப்பின் அளவை மெகாபைட்டில் சொல்கிறோம். 8 பிட் சேர்ந்தது 1 பைட். எனவே 100ஐ 8ஆல் வகுக்க வேண்டும், நொடிக்கு 12.5 மெகாபைட் கிடைக்கும். 500 மெகாபைட் படம் இறங்க 40 நொடி ஆகும். இந்தக் கணக்குத் தெரியாமல் "ஏமாற்றிவிட்டார்கள்" என்று வருந்துவோர் பலர்!

எட்டுக் கம்பிகளின் கதை

ரூட்டரையும் கணினியையும் இணைக்கும் கேபிளை வெட்டிப் பார்த்தால் 8 செப்புக் கம்பிகள் இரண்டிரண்டாக முறுக்கப்பட்டிருக்கும். ஏன் முறுக்க வேண்டும்? வெளியிலிருந்து வரும் மின் இரைச்சல் இரு கம்பிகளையும் ஒரே அளவில் தாக்குகிறது. மறுமுனைக் கருவி இரண்டின் வேறுபாட்டை மட்டும் எடுத்துக்கொள்வதால் இரைச்சல் நீங்கிவிடுகிறது.

நொடிக்கு 100 மெகாபிட் வேகத்துக்கு 4 கம்பிகள் போதும். 1000 மெகாபிட் வேகத்துக்கு எட்டும் வேண்டும். அந்த 4 கம்பிகள் அல்லாத ஒன்று அறுந்திருந்தால் இணைப்பு இருக்கும்; வேகம் மட்டும் பெரும்பாலும் 100ஆகக் குறைந்துவிடும். விலையுயர்ந்த ரூட்டரைப் பழைய கேபிளில் மாட்டினால் இதுதான் கதி. கேபிளின் மேல் "கேட் 5இ" அல்லது "கேட் 6" என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். 100 மீட்டருக்கு மேல் நீட்டாதீர்கள்.

சுவரைத் தாண்டும் அலை

இப்போது வைஃபைக்கு வருவோம். இது ரேடியோ அலை. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 12.5 சென்டிமீட்டர், 5 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 6 சென்டிமீட்டர். முன்னது சுவரை ஓரளவு நன்றாகக் கடக்கும். ஆனால் அந்தப் பாதையில் நெரிசல் அதிகம். மைக்ரோவேவ் அடுப்பும் புளூடூத்தும்கூட அங்கேதான். பின்னது வேகமானது, சுவர் குறுக்கிட்டால் விரைவில் தளர்ந்துவிடும். அருகில் இருந்தால் 5ஐயும், தொலைவில் இருந்தால் 2.4ஐயும் தேர்ந்தெடுங்கள்.

திறந்த வெளியில் தொலைவு இரு மடங்கானால் அலையின் வலிமை நான்கில் ஒன்றாகிவிடும். கான்கிரீட் சுவரும் தண்ணீர்த் தொட்டியும் அலையை விழுங்கும். இரும்பு பீரோவும் நிலைக்கண்ணாடியும் அதைத் திருப்பி அனுப்பும். ஆகவே ரூட்டரை பீரோவுக்குப் பின்னே ஒளித்துவைக்காதீர்கள். வீட்டின் நடுவே, ஆள் உயரத்தில் வையுங்கள். நிமிர்ந்து நிற்கும் ஆன்டெனா பக்கவாட்டில் அலையை மிகுதியாகப் பரப்பும். தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் குறைவாகவே அனுப்பும். மாடியில் படிக்கிறவர்கள் ஓர் ஆன்டெனாவைச் சாய்த்துப் பார்க்கலாம்.

பின்னறைக்கு இன்னும் எட்டவில்லையா? வைஃபையை வாங்கி மறுபடி அனுப்பும் ரிப்பீட்டர் உதவும். ஆனால் அதைப் பின்னறையிலேயே வைத்தால் பயனில்லை. தனக்கே கேட்காததை அது எப்படித் திருப்பிச் சொல்லும்? பாதி வழியில் வையுங்கள். ஒரே அலைவரிசையில் வாங்கி அதிலேயே அனுப்பும் ரிப்பீட்டரில் வேகம் ஏறத்தாழப் பாதியாகும். பின்னறைவரை ஒரு கேபிள் இழுத்துவிடுவது பல வீடுகளில் மலிவும் உறுதியும் ஆகும்.

இன்னொரு சிறு செய்தி. கணினியில் மாட்டும் யுஎஸ்பி 3 ஹார்டு டிஸ்க் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சல் எழுப்பக்கூடும். அதன் அருகே கம்பியில்லா மௌஸ் தடுமாறினால், மௌஸைக் குறை சொல்லாமல் டிஸ்க்கைச் சற்றுத் தள்ளி வையுங்கள்.

மின்சாரமும் பூட்டும்

மின்தடை வந்தால் ரூட்டருக்கெனச் சிறு யுபிஎஸ் உண்டு. வாங்குமுன் ரூட்டரின் அடாப்டரைப் படியுங்கள். 12 வோல்ட், 1 ஆம்பியர் என்றிருந்தால் அது தரக்கூடிய திறன் 12 வாட். வோல்ட் அளவு மாறக்கூடாது. ஆம்பியர் கூடுதலாக இருக்கலாம். பிளக்கின் நேர்முனை, எதிர்முனையும் ஒத்திருக்க வேண்டும். இடி மின்னல் நேரத்தில் அடாப்டரைக் கழற்றிவிடுவது நல்லது. கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது, மின்கம்பி கடத்துமே! ஆனால் இடி தொடங்கிய பின் ஓடிப்போய்த் தொடாதீர்கள். வானம் கறுக்கும்போதே கழற்றுங்கள்.

பெட்டியில் வந்த கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றுங்கள். குறைந்தது 12 எழுத்துகள் இருக்கட்டும். ஊர்ப் பெயரும் பிறந்த நாளும் வேண்டாம்.

நீங்களே செய்து பாருங்கள்

ஒரு தாளில் வீட்டின் படம் வரையுங்கள். முதலில் கணினியைக் கேபிளால் ரூட்டருடன் இணைத்து வேகத்தை அளந்து குறியுங்கள். பிறகு ஒவ்வோர் அறையிலும் வைஃபையில் மூன்று முறை அளந்து சராசரி காணுங்கள். கேபிளிலேயே வேகம் இல்லையென்றால் குறை கேபிளிலோ, வெளியே வரும் இணைப்பிலோ இருக்கக்கூடும். கேபிளை மாற்றி மறுபடி அளந்தால் குறை கேபிளிலா என்று தெரிந்துவிடும். கேபிளில் வேகம் இருந்து அறையில் மட்டும் குறைந்தால், முதலில் ரூட்டரின் இடத்தை மாற்றி மீண்டும் அளவிடுங்கள்.

இத்தனையும் செய்த பிறகு அப்பாவிடம் தாளைக் காட்டுங்கள். கடைக்குப் போக வேண்டியிருந்தால் போகட்டும். ஆனால் என்ன வாங்க வேண்டும், ஏன் வாங்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போவார். அடைப்பைக் கண்ட பிறகுதானே மண்வெட்டியை ஓங்க வேண்டும்?