கையில் கட்டிய டைவ் கம்ப்யூட்டர்: அதற்கு என்ன தெரியும், என்ன தெரியாது?

ஸ்கூபா டைவிங் போகிறவர்கள் திரையில் பார்க்க வேண்டிய எண்கள் எவை? 'ஃப்ளைட் ஏறக்கூடாது' என்கிற எச்சரிக்கை பெங்களூருக்கு காரில் திரும்புகிறவருக்கும் பொருந்துமா? ஓர் எளிய விளக்கம்.

கடலூரில் இருந்து வடக்கே சுமார் 20 கிலோமீட்டர் போனால் புதுச்சேரி. வீக்கெண்டில் அங்கே ஸ்கூபா டைவிங் போகும் இளைஞர்கள் இப்போது நிறைய. சிதம்பரத்தில் இருந்து தெற்கே சுமார் 40 கிலோமீட்டரில் பூம்புகார். அங்கே கரையில் இருந்து 5 கிலோமீட்டர் தள்ளி, 23 மீட்டர் ஆழத்தில், லாட வடிவ அமைப்பு ஒன்றை 1990-களின் தொடக்கத்தில் தேசியக் கடலியல் நிறுவன ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். அது மனிதர் கட்டியதா, இயற்கையா என்ற விவாதம் இன்னும் முடியவில்லை.

ஜாலிக்காக இறங்கினாலும் ஆய்வுக்காக இறங்கினாலும் கடலுக்கடியில் எழுகிற கேள்விகள் இரண்டுதான். இன்னும் எவ்வளவு நேரம் இங்கே இருக்கலாம்? படகு எந்தப் பக்கம்? இரண்டுக்கும் பதில் சொல்வது, மணிக்கட்டில் வாட்ச் மாதிரி கட்டியிருக்கும் டைவ் கம்ப்யூட்டர். ஆனால் அது எதை வைத்துப் பதில் சொல்கிறது என்று தெரியாமல் நம்பினால் ஆபத்து.

நேரத்துக்கு ஏன் கணக்கு?

கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். மேலே 1 என்றால், 10 மீட்டரில் 2, பூம்புகாரின் 23 மீட்டரில் 3.3. அந்த அழுத்தத்தில் மூச்சு இழுக்கும்போது, காற்றில் உள்ள நைட்ரஜன் ரத்தத்திலும் தசையிலும் கூடுதலாகக் கரைகிறது. ஆழமும் நேரமும் கூடக்கூட, கரைவதும் கூடும்.

கரைந்து இருக்கும் வரை பிரச்சினை இல்லை. வேகமாக மேலே வந்தால்தான் வம்பு. கோலி சோடாவில் குண்டைத் தட்டியதும் குமிழ் பொங்குகிற மாதிரி, உடம்புக்குள் நைட்ரஜன் குமிழாகும். இதுதான் டிகம்ப்ரஷன் நோய். மூட்டு வலி, மரத்துப்போதல், தோலில் தடிப்பு, தலைச்சுற்றல் எனத் தொடங்கலாம். தண்டுவடத்தைத் தாக்கினால் கை, கால் செயலிழக்கவும் கூடும்.

இதற்கான முதல் நம்பகமான அட்டவணையை 1908-ல் வெளியிட்டவர் பிரிட்டிஷ் விஞ்ஞானி ஜான் ஸ்காட் ஹால்டேன். ஆடுகளை அழுத்த அறையில் வைத்துச் சோதித்து அவர் போட்ட கணக்கு அது. (பின்னாளில் இந்தியாவில் குடியேறி, 1964-ல் புவனேஸ்வரில் மறைந்த விஞ்ஞானி ஜே.பி.எஸ்.ஹால்டேன் இவருடைய மகன்.) பல பத்தாண்டுகள் டைவர்கள் அட்டவணையைப் பார்த்துத்தான் இறங்கினார்கள். 1983-ல் வந்த 'ஓர்கா எட்ஜ்' கருவிக்குப் பிறகுதான் அந்தக் கணக்கு கடலுக்கடியிலேயே, நொடிக்கு நொடி, திரையில் தெரியத் தொடங்கியது.

திரையில் என்ன பார்க்க வேண்டும்?

எந்த பிராண்டாக இருந்தாலும் முக்கியமான தகவல்கள் இவைதான்.

1. ஆழம், டைவ் நேரம். இப்போது எத்தனை மீட்டரில் இருக்கிறீர்கள், இறங்கி எத்தனை நிமிடம் ஆச்சு. மற்ற எல்லாக் கணக்குக்கும் அடிப்படை இந்த இரண்டும்தான்.

2. என்.டி.எல். 'நோ டிகம்ப்ரஷன் லிமிட்' என்பதன் சுருக்கம். வழியில் கட்டாய நிறுத்தம் இல்லாமல் மேலே வர, இந்த ஆழத்தில் இன்னும் எத்தனை நிமிடம் இருக்கலாம் என்று சொல்லும் எண். ஆழம் கூடினால் இது சட்டென்று குறையும். பேடி அமைப்பின் அட்டவணைப்படி முதல் டைவுக்கு 12 மீட்டரில் 147 நிமிடம், 18-ல் 56, 25-ல் 29, 30-ல் 20. பூம்புகாரின் 23 மீட்டருக்கு அட்டவணையில் தனி வரி இல்லை. அடுத்த பெரிய எண்ணான 25-ஐ எடுக்க வேண்டும், ஆக 29 நிமிடம். கம்ப்யூட்டரோ நீங்கள் 23-ல் எவ்வளவு, 15-ல் எவ்வளவு என்று தனித்தனியாகக் கணக்கிடும். அதனால் பெரும்பாலும் கூடுதல் நேரம் காட்டும். அட்டவணையில் இருந்த உபரிப் பாதுகாப்பு இங்கே கழிந்துவிடுகிறது என்பதையும் மறக்கக் கூடாது.

3. மேலேறும் வேகம். பக்கவாட்டில் கோடாகவோ அம்பாகவோ தெரியும். நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது. வேகம் கூடினால் நிறம் மாறும், சில கருவிகள் அதிரும் அல்லது பீப் அடிக்கும்.

4. சேஃப்டி ஸ்டாப். 5 மீட்டர் ஆழத்தில் 3 நிமிடம் நிற்கச் சொல்லி டைமர் ஓடும். 23 மீட்டரில் இருந்து கிளம்பினால், ஏறுவதற்கு 2 நிமிடம், ஸ்டாப் 3 நிமிடம், கடைசி 5 மீட்டருக்கு இன்னும் ஒரு நிமிடம். மொத்தம் 6 நிமிடம். டேங்கில் காற்று மிச்சம் வைக்கும்போது இந்த 6 நிமிடத்தையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

5. டெகோ. என்.டி.எல். பூஜ்யத்தைத் தாண்டினால் திரையே மாறிவிடும். 'சீலிங் 3 மீட்டர், 4 நிமிடம்' என்பது போல வரும். அதாவது 3 மீட்டருக்கு மேலே கண்ணுக்குத் தெரியாத கூரை இருக்கு. நேரம் முடியும் வரை அதைத் தாண்டக் கூடாது. சேஃப்டி ஸ்டாப் பரிந்துரை, இது கட்டாயம். மீறினால் பல கருவிகள் ஒன்றிரண்டு நாள் லாக் ஆகிவிடும்.

அளவு புரிய ஓர் ஒப்பீடு: பொழுதுபோக்கு டைவிங்கின் எல்லை 40 மீட்டர். சிதம்பரம் நடராஜர் கோயில் கோபுரங்களின் உயரமும் ஏறக்குறைய அதுதான். கோபுரத்தில் பாதிக்குக் கொஞ்சம் கூடுதலான ஆழத்திலேயே உங்களுக்கு அரை மணி நேரம்தான்.

அதற்குத் தெரியாதது என்ன?

உங்கள் ரத்தத்தில் உள்ள நைட்ரஜனை டைவ் கம்ப்யூட்டர் அளப்பதே இல்லை. அதனிடம் இருப்பது ஒரு பிரஷர் சென்சார், ஒரு கடிகாரம், ஒரு சூத்திரம். இன்று பல கருவிகளில் இருக்கும் ஸூரிச் மருத்துவர் பூல்மானின் சூத்திரம், உடம்பை 16 கற்பனைப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றும் எவ்வளவு வேகத்தில் நைட்ரஜனை ஏற்கும், விடும் என்று கணக்கிடுகிறது.

முந்தைய இரவு பார்ட்டியா, சரியாகத் தூங்கினீர்களா, வெயிலில் தண்ணீர் குடிக்காமல் படகில் உட்கார்ந்திருந்தீர்களா, நீரோட்டத்தை எதிர்த்து மூச்சு வாங்க நீந்தினீர்களா? இதெல்லாம் டிகம்ப்ரஷன் நோயின் வாய்ப்பைப் பாதிக்கக்கூடியவை. பெரும்பாலான கருவிகளுக்கு இதில் எதுவுமே தெரியாது. அதனால்தான் என்.டி.எல். '2' காட்டும் வரை காத்திருக்காமல் முன்னாடியே கிளம்பச் சொல்கிறார்கள். கருவியில் 'கன்சர்வேட்டிவ்' செட்டிங் இருந்தால் புதியவர்கள் அதை வைத்துக்கொள்வது நல்லது.

இதே காரணத்தால் ஒரு கருவியை இரண்டு பேர் பகிரக் கூடாது. காலை டைவுக்கு நண்பர் கட்டிய கருவியை மதியம் நீங்கள் வாங்கிக் கட்டினால், அது அவருடைய காலை நேர நைட்ரஜனை உங்கள் கணக்கில் எழுதும். உங்கள் காலை டைவ் அதில் இருக்கவே இருக்காது.

பெங்களூரு திரும்புகிறவர்கள் கவனத்துக்கு

டைவ் முடிந்ததும் திரையில் ஒரு விமானப் படம் வரும். 'இன்னும் இத்தனை மணி நேரம் பறக்காதே' என்று அர்த்தம். 'நான் காரில்தானே போறேன்' என்று பலர் விட்டுவிடுகிறார்கள்.

பிரச்சினை விமானம் இல்லை. மேலே போகப்போகக் குறையும் காற்றழுத்தம். டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க்கின் பரிந்துரை 600 முதல் 2,400 மீட்டர் வரையிலான உயரத்துக்கானது: கட்டாய நிறுத்தம் இல்லாத ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், பல டைவ் அல்லது பல நாள் டைவ் என்றால் 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும். டெகோ டைவ் என்றால் அதைவிட அதிகம்.

பெங்களூரு சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு சுமார் 1,500. ஊட்டி 2,200-ஐத் தாண்டும். பறக்கும் விமானத்தின் கேபின் அழுத்தத்துக்குக் கிட்டத்தட்ட சமம். ஞாயிறு மதியம் புதுச்சேரியில் இரண்டாவது டைவ், ராத்திரியே பெங்களூரு என்ற பிளான் இந்த வரம்புக்குள் வந்துவிடுகிறது. சென்னை, கடலூர், சிதம்பரம் திரும்புகிறவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. மற்றவர்கள் டைவை சனிக்கிழமையே முடித்துக்கொள்ளலாம்.

படகு எந்தப் பக்கம்?

ஜி.பி.எஸ். சிக்னல் கடல் நீரில் ஊடுருவாது. கூகுள் மேப் பழக்கம் இங்கே செல்லாது. கம்ப்யூட்டரில் இருக்கும் டிஜிட்டல் காம்பஸ்தான் துணை. இறங்கியதும் போகிற திசையை லாக் செய்ய வேண்டும். கிழக்கே 90 டிகிரியில் போனால், திரும்ப 270. கடலூர், பரங்கிப்பேட்டை கடற்கரையில் நினைவில் வைக்க எளிது: மேற்கே கரை, கிழக்கே ஆழம்.

ஆனால் காம்பஸுக்கும் தெரியாத விஷயம் உண்டு. நீங்கள் எந்தப் பக்கம் பார்க்கிறீர்கள் என்று சொல்லுமே தவிர, நீரோட்டம் உங்களை எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று சொல்லாது. இந்தக் கரையோர நீரோட்டம் பருவத்துக்கு ஏற்பத் திசை மாறும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தெற்கு நோக்கி ஓடும். 270-ஐ அப்படியே பிடித்து வந்தாலும் படகுக்குத் தெற்கே போய் எழலாம். தென்பெண்ணை, கெடிலம், வெள்ளாறு, கொள்ளிடம் என ஆறுகள் கலக்கும் இடம் என்பதால் மழைக்குப் பிறகு கலங்கலும் அதிகம். பாறையை அடையாளம் வைத்துத் திரும்புவது கஷ்டம். எனவே மேலே வரும் முன் மிதவை பலூனை விட்டு, படகோட்டிக்கு இடம் காட்டுவது அவசியம்.

ஸ்மார்ட்வாட்ச் போதாதா?

'50 மீட்டர் வாட்டர் ரெசிஸ்டன்ட்' என்பது நீச்சலுக்கான தரம், டைவிங்குக்கு இல்லை. ஆப்பிள் வாட்ச் அல்ட்ரா (ஓஷியானிக் பிளஸ் ஆப்புடன், 40 மீட்டர் வரை), கார்மின் டிசென்ட் போன்றவை டைவிங்குக்கென்றே வந்தவை.

திரையே இல்லாதவர்கள்

மன்னார் வளைகுடாவில் சங்கு குளிப்பவர்கள் ஒருகாலத்தில் மூச்சை அடக்கித்தான் இறங்கினார்கள். பிறகு படகில் கம்ப்ரசர் வைத்து ஹோஸ் வழியாகக் காற்று அனுப்பும் முறை பரவியது. ஸ்கூபா டேங்க் என்றால் காற்று தீர்ந்ததும் மேலே வந்தே ஆக வேண்டும். கம்ப்ரசரில் காற்று தீராது. நேரம் போவதே தெரியாது. கையில் என்.டி.எல். காட்டக் கருவியும் இல்லாதபோது, பக்கவாதம் வரை போகும் ஆபத்து அங்கேதான் அதிகம்.

இறங்கும் முன் செக் பண்ண வேண்டியவை

- பேட்டரி, காம்பஸ் காலிபரேஷன், டேங்கில் உள்ள வாயுவுக்கான செட்டிங் சரியா?
- என் கருவி எனக்கு மட்டும்தானா? காலையில் கட்டியதுதானா?
- படகில் முதலுதவி ஆக்சிஜன் இருக்கிறதா? பக்கத்தில் அழுத்த அறைச் சிகிச்சை எங்கே?
- திரை அணைந்துபோனால்? டைவை முடித்து, நிதானமாக ஏறி, சேஃப்டி ஸ்டாப் செய்து வெளியே வர வேண்டும்.
- டைவ் முடிந்து 24 மணி நேரத்துக்குள் மூட்டு வலி, மரத்துப்போதல், தலைச்சுற்றல் வந்தால் 'தூங்கினா சரியாயிடும்' என்று விடக் கூடாது. படுக்க வைத்து ஆக்சிஜன் கொடுத்து, 108-ஐ அழையுங்கள். டாக்டரிடம் டைவ் போனதை முதலில் சொல்லுங்கள். கருவியையும் கையோடு கொண்டுபோங்கள். எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம் என்ற முழுப் பதிவும் அதில் இருக்கும்.