ஹாங்காங் ட்ரிப்: விசா வேண்டாம், ஆனா ஒரு பதிவு கட்டாயம்

இந்திய பாஸ்போர்ட் இருந்தா ஹாங்காங்கில் 14 நாள் வரை விசா தேவையில்லை. அதை நம்பி உடனே டிக்கெட் போட்டுடாதீங்க. 2017 முதல் இந்தியர்கள் கிளம்பும் முன்பே ஆன்லைனில் வருகைப் பதிவு செய்ய வேண்டும். அது நிராகரிக்கப்பட்டால் விசாவுக்குத்தான் விண்ணப்பிக்கணும். அதற்கு வாரக்கணக்கில் ஆகும். அதனால முதலில் பதிவு, பிறகு டிக்கெட். ஹாங்காங் குடியேற்றத் துறையின் தளத்தில் இது இலவசம். காசு கேட்டா அது இடைத்தரகர் தளம். பதிவு 6 மாதம் செல்லும்.

இறங்கியதும் ஆக்டோபஸ் கார்டு வாங்குங்க. மெட்ரோ, டிராம், ஸ்டார் ஃபெர்ரி எல்லாத்துக்கும் அதுவே போதும். இரவு ஃபெர்ரி பயணத்தை மட்டும் விட்டுடாதீங்க.

சைவமா? கீரைத் தட்டிலும் சிப்பி சாஸ் ஊற்றுவார்கள், கேட்டுக்கோங்க. ஷாப்பிங்கில் ஜிஎஸ்டி மாதிரி வரியே கிடையாது. அதனால ஏர்போர்ட்டில் ரீஃபண்ட் கவுன்டரைத் தேட வேண்டாம்.