வீடு தேடி வரும் சிகிச்சை

இலக்கண வகுப்பில் தொழிற்பெயரைப் படித்திருக்கிறோம். உண்ணல், நடத்தல், எழுதுதல், குளித்தல் என்று எடுத்துக்காட்டுகளும் எழுதியிருக்கிறோம். அங்கே தொழில் என்பது சம்பளத்துக்குச் செய்யும் வேலை அன்று. ஒருவர் செய்யும் செயல். ‘ஆக்குபேஷனல் தெரபி’ என்னும் மருத்துவத் துறையைப் புரிந்துகொள்ள இந்த இலக்கணம் நமக்கு நன்றாகவே கைகொடுக்கிறது. தமிழில் இதைச் செயல்முறைச் சிகிச்சை என்றும் தொழில்வழிச் சிகிச்சை என்றும் வழங்குகிறார்கள். இரண்டாவது பெயரைக் கேட்டதும் தையல், கூடை பின்னல் என்றுதான் பலருக்கு நினைவு ஓடும். பக்கவாதத்தால் ஒரு கை செயலற்றுப் போனவர் தாமே சோறு பிசைந்து உண்பதற்கும், மூளை முடக்குவாதம் உள்ள குழந்தை சரிந்து விழாமல் உட்கார்ந்து விளையாடுவதற்கும் வழி காண்பதே இதன் வேலை.

பிசியோதெரபி என்று நாம் சொல்லும் இயன்முறை மருத்துவம், கை கால்களின் வலுவையும் அசைவையும் மீட்கப் பார்க்கிறது. செயல்முறைச் சிகிச்சையோ, மீண்டு வந்த அந்தச் சிறு அசைவைக்கொண்டு ரவிக்கை போடுவது எப்படி, தண்ணீர்ச் செம்பைத் தூக்குவது எப்படி என்று கேட்கிறது. இரண்டுக்கும் நடுவே கோடு கிழிக்க முடியாத இடங்களும் உண்டு.

அமெரிக்காவில் 1917-ஆம் ஆண்டில் இத்துறைக்கென ஒரு சங்கம் தோன்றியது. முதல் உலகப் போரில் காயமுற்ற வீரர்களால் இதன் தேவை பெருகியது. நம் நாட்டில் இதற்கான முதல் பயிற்சிப் பள்ளியை 1950-இல் பம்பாயில் தொடங்கியவர் திருமதி கமலா நிம்ப்கர். தமிழகத்தில் மறுவாழ்வு மருத்துவம் என்றவுடன் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் மேரி வர்கீஸ் நினைவுக்கு வருவார். 1954-இல் நடந்த வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த அவர், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே அறுவைச் சிகிச்சைகள் செய்தார். 1966-இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டதற்கு அவரே காரணம்.

வேலூர் நமக்கு எட்டாத தொலைவு. வேப்பந்தட்டை ஒன்றியத்துச் சிற்றூரிலிருந்தோ, ஆண்டிமடம் பக்கத்திலிருந்தோ ஒரு நோயாளியைத் திருச்சிக்கோ தஞ்சைக்கோ அழைத்துப் போவதென்றால், கூட ஒருவர் போக வேண்டும். இருவருக்கும் அன்றைய கூலி போயிற்று. பஸ் படியில் ஏற முடியாதவருக்கு வண்டி வேறு பேச வேண்டும். அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022-இல் திறக்கப்பட்டதால் மருத்துவரைப் பார்ப்பது சற்று எளிதாயிற்று. ஆனால் இந்தச் சிகிச்சை ஒரு நாளில் முடிவதன்று. வாரக்கணக்கில், மாதக்கணக்கில் பழக வேண்டிய பழக்கம். முதல் மாதம் போவார்கள். வெங்காய அறுவடை வந்ததும் நின்றுவிடும்.

நின்றுவிட்டால் என்ன ஆகும்? மடங்கிய விரல்கள் மடங்கியபடியே இறுகிவிடும். தோள் வலி கண்டு கையைத் தொடவே விடமாட்டார்கள். படுக்கைப் புண் வரும். வீட்டில் ஒருவர் படுத்துவிட்டால் பார்த்துக்கொள்ள யார் நிற்பது என்ற கேள்வி எழும்போது, பள்ளிக்குப் போகும் பெண்பிள்ளையின் பெயர்தான் முதலில் வருகிறது. ஆகவே பாட்டி தானே குளித்து, தானே உண்ணப் பழகுவது பாட்டியை மட்டும் பொறுத்த செய்தி அன்று. பேத்தி பத்தாம் வகுப்பை முடிப்பாளா என்பதும் அதில் இருக்கிறது. பெற்றோர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

பயணச் செலவு மிச்சம் என்பதற்காக மட்டும் வீட்டுக்கு வந்து சிகிச்சை தருவதில்லை. மருத்துவமனையில் கட்டில் உயரமானது, தரை வழுவழுப்பானது, கழிப்பறையில் பிடிக்கக் கம்பி இருக்கும். நம் வீட்டில் பாய், உயரமான வாசற்படி, கொல்லையில் குளியல். அங்கே பழகியது இங்கே உதவாது. வீட்டுக்கு வருபவர் முதலில் நோயாளியைப் பார்ப்பதற்கு முன் வீட்டைப் பார்க்கிறார். வாசற்படியை ஒட்டிச் சாய்தளம் போட முடியுமா? ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் இருந்தால்தான் சக்கர நாற்காலி பாதுகாப்பாக ஏறும். குளிக்கும் இடத்தில் ஆடாத முக்காலி ஒன்று, கழிப்பதற்கு நடுவில் துளையிட்ட நாற்காலி ஒன்று. நாற்காலியை உள்ளூர்த் தச்சரே செய்து தருவார். கரண்டியைப் பிடிக்க விரல் மடங்காதவருக்கு அதன் காம்பில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றிப் பருமனாக்கினால் பிடி கிடைக்கும். இதற்கெல்லாம் பெரும் பணம் வேண்டியதில்லை; பார்க்கத் தெரிந்த கண் வேண்டும்.

பழகும் முறைகளும் அப்படியே. சட்டை போடும்போது செயலற்ற கையை முதலில் நுழைக்க வேண்டும். கழற்றும்போது அந்தக் கையைக் கடைசியில் எடுக்க வேண்டும். படுத்திருப்பவரை எழுப்ப அந்தக் கையைப் பிடித்து இழுக்கவே கூடாது, தோள்மூட்டு நழுவும். முடக்குவாதக் குழந்தையை மல்லாத்திப் படுக்கவைத்துப் புகட்டினால் புரையேறி நெஞ்சில் சளி கட்டும். நிமிர்த்தி உட்காரவைத்துத்தான் ஊட்ட வேண்டும். விரல்களுக்குப் பயிற்சி தர விலை உயர்ந்த பொம்மைகள் தேவையில்லை. சின்ன வெங்காயம் விளையும் பெரம்பலூரில் அதைத் தரம் பிரிப்பதும் தோல் உரிப்பதும் இரு கைக்கும் நல்ல பயிற்சி. வலுவற்ற கை வெங்காயத்தைப் பிடித்துக்கொள்ள, மற்றது உரிக்கும். ஜெயங்கொண்டம், செந்துறைப் பக்கத்தில் முந்திரி இருக்கிறதே என்று கேட்கலாம். வேண்டாம். கொட்டையின் தோட்டு எண்ணெய் தோலைப் புண்ணாக்கும். உணர்ச்சியற்ற கைக்கு அது சுடுவதே தெரியாது. ஒரே வேலை ஒருவருக்கு மருந்தாகவும் இன்னொருவருக்குத் தீங்காகவும் இருப்பதால்தான் இதற்குப் படிப்பு வேண்டியிருக்கிறது.

படித்தவர்கள் போதுமான அளவில் இல்லை என்பதே இடர்ப்பாடு. மேலைநாடுகளில் இதற்கு உதவியாளர் என்றொரு நிலை உண்டு. அமெரிக்காவில் பெரும்பாலும் இரண்டாண்டுப் படிப்பு. சிகிச்சையாளர் திட்டம் வகுத்துத் தர, உதவியாளர் வீடுகளுக்குச் சென்று அதைப் பழக்குவார். நம் நாட்டில் அதற்கு நெருங்கிய வழியைக் காட்டியது தென்காசிப் பக்கத்து ஆய்க்குடி. 1975-இல் கடற்படைத் தேர்வின்போது விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்த மாணவர் திரு. எஸ். ராமகிருஷ்ணன், 1981-இல் அங்கே அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். 2020-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். அச்சங்கத்தில் பயிற்சி பெற்ற ஊர்ப்புறப் பணியாளர்கள் குழந்தைகளின் வீடுகளுக்குச் செல்கிறார்கள். குழந்தையின் நிலையைக் கைபேசிச் செயலியில் பதிகிறார்கள். தொலைவிலுள்ள வல்லுநர்கள் அதைப் பார்த்து அடுத்த பயிற்சியைச் சொல்கிறார்கள். ஒரு வல்லுநரின் அறிவு பல ஊர்களுக்கு இப்படிப் பங்கிடப்படுகிறது.

தமிழக அரசும் 2021 ஆகஸ்டு 5-ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தைத் தொடங்கியது. இரத்த அழுத்தம், நீரிழிவு மாத்திரைகளோடு இயன்முறைச் சிகிச்சையும் வலிநிவாரணப் பராமரிப்பும் வீட்டுக்கே வந்தன. 2024-இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருது இதற்குக் கிடைத்தது. பெண் சுகாதாரத் தன்னார்வலர்களை நம் தெருக்களிலேயே பார்த்திருக்கிறோம். ஆயினும் செயல்முறைச் சிகிச்சையாளர் என்ற பெயரை நம் ஊர்களில் கேட்பது இன்னும் அரிதே.

கைபேசி வழியாகவே எல்லாம் முடிந்துவிடாதா என்று கேட்பவர்களும் உண்டு. 2020-இன் ஊரடங்கில் வேறு வழியில்லாமல் பலர் அப்படித்தான் பயிற்சி தந்தார்கள். தாய்மார்கள் வியக்கத்தக்க வகையில் கற்றுக்கொண்டார்கள். ஆனால் ஒரு கை எவ்வளவு விறைத்திருக்கிறது என்பதைத் திரை சொல்லாது. தொட்டுத்தான் அறிய வேண்டும். இரண்டும் கலந்து வருவதே நலம் என்பது நம் எண்ணம்.

இத்துறையில் நாட்டமுள்ள மாணவியர் மேல்நிலை வகுப்பில் உயிரியல் உள்ள பிரிவை எடுக்க வேண்டும். நான்கு ஆண்டுகளுக்கு மேற்பட்ட பட்டப்படிப்பு இது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் உண்டு. 2021-இல் நாடாளுமன்றம் இயற்றிய துணைமருத்துவத் துறைகளுக்கான சட்டத்தில் இதுவும் சேர்க்கப்பட்டிருக்கிறது. படிப்பு வரை காத்திராமல், வீட்டில் நோயாளி உள்ளவர்கள் இப்போதே ஒன்று செய்யலாம். அவர் எழுவது, உண்பது, குளியலறைக்குப் போவது மூன்றையும் அவர் சம்மதத்தோடு கைபேசியில் ஒரு நிமிடம் படமெடுத்து, அடுத்த முறை மருத்துவமனைக்குப் போகும்போது இயன்முறை மருத்துவரிடம் காட்டுங்கள். வாசற்படியையும் சேர்த்து எடுங்கள்.