கந்தைப் போர்வையும் கிறிஸ்மஸ் பலகாரமும்

திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு வந்துவிட்டால், நம் மலைத் தோட்டங்களில் வாழும் தாய்மாரின் மனத்தில் மூன்று கணக்குகள் ஒரே வேளையில் ஓடத் தொடங்குகின்றன. பலகாரத்திற்கு எத்தனை படி அரிசி ஊற வைப்பது? பிள்ளைகளின் அரையாண்டுத் தேர்வு என்றைக்கு முடிகிறது? பாதியில் மடித்து வைத்த சேலைப் போர்வையை விழாவிற்குள் தைத்து முடிக்க இயலுமா? முதலிரண்டு கேள்விகளுக்கும் எப்படியோ விடை கிடைத்துவிடுகிறது. மூன்றாவது கேள்விதான் தாயின் உறக்கத்தை விலையாகக் கேட்கிறது. அவ்விலையைக் கொடுக்க வேண்டியதில்லை என்பதே நாம் இங்குச் சொல்ல விழைவது.

சேரம்பாடி, நீலகிரி மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், பந்தலூர் வட்டத்தில், வயநாட்டை ஒட்டிய தேயிலை ஊர். உதகையின் உயரம் இதற்கு இல்லை. எனினும் ஆனி, ஆடி மாதங்களில் கொட்டும் மழையின் ஈரம் சுவர்களில் ஊறியே கிடக்கும். மார்கழி, தை இரவுகளில் தரையின் குளிர் பாயைத் துளைத்துக்கொண்டு ஏறும். 1964ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் சாஸ்திரி, சிறிமாவோ ஆகிய இரு பிரதமர்களும் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி இலங்கையிலிருந்து வந்த குடும்பங்கள் பல இப்பகுதியில் குடியேறின. அவர்களுக்கு வேலை அளிப்பதற்காகவே 1968இல் அரசு தேயிலைத் தோட்டத் திட்டம் தொடங்கப்பெற்றது. இன்று டான்டீ என்று வழங்கும் அரசு தேயிலைத் தோட்டக் கழகம் அதிலிருந்து வளர்ந்ததே.

தோட்டத்து மக்களுக்குக் கம்பளி புதிதன்று. குடை, கம்பளி, மழையங்கி முதலியவற்றைத் தொழிலாளர்க்கு வழங்கச் செய்யும் விதிகளை மாநில அரசு வகுக்கலாம் என்று 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டத்தின் 17ஆம் பிரிவு கூறியது. ஆனால் கம்பளி வேலை செய்பவருக்கு உரியது. அதனடியில் பாட்டியும் பேரப்பிள்ளைகளும் எத்தனை பேர் ஒண்டிக்கொள்ள முடியும்? எனவேதான் பழைய சேலைகளை அடுக்கித் தைக்கும் போர்வை ஏழை வீடுகளில் ஒரு தேவையாயிற்று. அது பொழுதுபோக்குக் கைவேலை என்று எண்ணுவோர், தை மாத விடியலில் ஒரு முறை பாடியில் கண்விழித்துப் பார்க்கட்டும்.

இனி அவ்வேலையின் அளவைப் பார்ப்போம். ஐந்தரை மீட்டர்ச் சேலையை நடுவே வெட்டி, நைந்த பகுதிகளை நீக்கினால், இரண்டு மீட்டர் நீளமும் ஒரு மீட்டருக்குச் சற்று அதிகமான அகலமும் உள்ள இரு துண்டுகள் கிடைக்கும். மூன்று சேலைகளில் ஆறு அடுக்கு. அவற்றை ஒரு விரற்கடைக்கு ஒரு வரிசையாக ஓட்டுத் தையல் போட்டால் ஏறத்தாழ ஐம்பத்தைந்து வரிசைகள் வரும். தையலின் மொத்த நீளம் 110 மீட்டர். ஒரு வரிசைக்கு இருபது நிமிடம் என்று கொண்டாலும் பதினெட்டு மணி நேரத்திற்கு மேல் ஆகும்.

விடியுமுன் எழுந்து, சமைத்து, பெரட்டுக்குப் போய், நாள் முழுதும் கொழுந்து பறித்துத் திரும்பி, இரவுச் சமையலும் குடும்பச் செபமாலையும் முடித்த ஒரு தாய்க்கு இரவு ஒன்பது மணிக்கு மேல்தான் ஊசி பிடிக்க நேரம் வாய்க்கும். நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் என்றால் பதினெட்டு இரவுகள் வேண்டும். திருவருகைக் காலமோ ஆண்டுக்கு ஏற்ப 22 முதல் 28 நாள்கள்தாம். இடையில் ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் கணக்கு குலைந்துவிடும். அப்போது அவர் பன்னிரண்டு மணி வரை விழித்திருப்பார். மறுநாள் காலை மலைச்சரிவில் நிற்க வேண்டிய கால்கள் அவை என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

இதற்கு முதல் பரிகாரம் மிக எளியது. ஒரு விரற்கடைக்குப் பதிலாக இரண்டு விரற்கடை இடைவெளி விடுங்கள். வரிசைகள் இருபத்தேழாகக் குறையும். ஒன்பது மணி நேரத்தில் வேலை முடியும். வெப்பம் குறைந்துவிடுமோ என்று அஞ்ச வேண்டாம். அடுக்குகளுக்கிடையே தங்கி நிற்கும் காற்றே நம்மைக் குளிரிலிருந்து காப்பது; தையல் அடுக்குகளை நகராமல் பிடித்து வைக்கிறது, அவ்வளவுதான். நெருக்கத் தையல் கண்ணுக்கு அழகு, துணிக்கு ஆயுள். ஆயினும் தாயின் ஒன்பது மணி நேர உறக்கம் அதைவிடப் பெரிது என்பது எம் கருத்து.

துணியைத் தெரிவதிலும் கவனம் வேண்டும். இன்று பழம்புடவைப் பெட்டியைத் திறந்தால் பருத்தியைக் காட்டிலும் பாலியெஸ்டரே மிகுதி. அது ஊசிக்கடியில் வழுக்கும், வியர்வையை உறிஞ்சாது, அடுப்புப் பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். ஆகவே அதை நடு அடுக்குகளில் வைத்து, மேலும் கீழும் பருத்தியே வருமாறு பார்த்துக்கொள்க. சேலைகளைக் கோடையிலேயே துவைத்துக் காயவைத்து மடித்துவிடுவது நலம். ஆடி மழையில் நம் பக்கம் எத்துணியும் காய்வதில்லை. மழை மாதங்களில் தைப்பதும், மார்கழி வெயிலில் ஒரு நாள் விரித்து உலர்த்துவதும் சேரம்பாடியின் பருவத்திற்கு ஒத்த ஒழுங்கு.

இவ்விடத்தில் நீதிமொழிகள் நூலின் 31ஆம் அதிகாரம் நம் நினைவுக்கு வருகிறது. அதில் போற்றப்படும் இல்லாள் தன் வீட்டாருக்குக் குளிர்கால உடை தருகிறாள். போர்வைகளைத் தானே செய்கிறாள். இரவிலும் அவள் விளக்கு அணைவதில்லை. திருமணத் திருப்பலிகளில் இப்பகுதியை எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். அவளுக்குப் பணிப்பெண்கள் இருந்தனர் என்பதையும் அதே அதிகாரம் சொல்கிறதே, அதை எவரேனும் எடுத்துச் சொல்லக் கேட்டதுண்டா? பணிப்பெண் இல்லாத பாடி வீட்டில், விளக்கணையாத இரவுகளை ஒரு பெண்ணிடம் மட்டும் எதிர்பார்ப்பது நீதியன்று.

ஆகையால் வேலையைப் பங்கிடுங்கள். தோட்ட வேலையிலிருந்து ஓய்ந்த பாட்டிக்கு ஊசியில் நூல் கோப்பதுதான் கடினம். கோத்துக் கொடுத்தால் அவர் தையல் கோடு பிசகாது. எட்டு வயதுப் பேத்தி மாலையில் பத்து ஊசிகளில் நூல் கோத்து வைத்துவிட்டால், மறுநாள் பகல் முழுதும் பாட்டியின் கை நிற்காது. குடும்பத் தலைவர்களுக்கும் ஒரு வார்த்தை. கடைவீதியில் தையற்பொறியின் முன் அமர்ந்திருப்போர் பெரும்பாலும் ஆண்களே. அங்கே கௌரவமாகத் தோன்றும் ஊசி, வீட்டுத் திண்ணையில் பிடித்தால் மட்டும் கையைக் கூசச் செய்வது ஏன்?

பலகாரத்திற்கு வருவோம். சேரம்பாடியில் இதற்கென்று ஒரு தனிக் கட்டுப்பாடு உண்டு. அது யானை. அரிசியும் வெல்லமும் உப்பும் உள்ள வீட்டை மோப்பம் பிடித்து, கதவையோ சுவரையோ உடைத்து நுழையும் யானைகளை இப்பகுதியினர் நன்கு அறிவர். அவ்வாறு வீடுகளை உடைத்து வந்த ‘புல்லட்’ என்னும் யானை பிடிபட்டது 2024 டிசம்பர் 27ஆம் நாள், அதாவது கிறிஸ்து பிறப்பு விழா கழிந்து இரண்டாம் நாள். அவ்வாண்டு எத்தனை வீடுகளில் பலகார மாவை அச்சத்தோடு பிசைந்திருப்பார்கள்! ஆதலின் நள்ளிரவு வரை எண்ணெய்ச் சட்டி வைப்பது நமக்கு ஆகாது. பொரிக்கும் வேலை ஞாயிற்றுக்கிழமைப் பகலில் முடியட்டும். இருட்டிய பின் கதவைச் சாத்திக்கொண்டு செய்யத்தக்கது தையலே.

ஒரு வீட்டில் ஏழெட்டு வகைப் பலகாரம் வேண்டும் என்பது யார் இட்ட சட்டம்? இரண்டு வகை போதும். அதிரசம் நம் போன்றோருக்கென்றே அமைந்தது: பாகில் கிளறிய மாவை இரண்டு நாள் மூடி வைத்தால் அது தானே பக்குவப்படும், அந்நேரத்தில் தாய் உறங்கலாம். அச்சு முறுக்கோ இருவர் செய்யும் வேலை. ஒருவர் காய்ந்த அச்சை மாவில் தோய்த்து எண்ணெயில் விட, மற்றவர் கழற்றி எடுத்து வடிகட்ட வேண்டும். கணவனும் மனைவியும் சேர்ந்து அமர இதைவிட நல்ல வாய்ப்பு வேறில்லை. இப்பலகாரத்தைக் கேரளத்து அயலார் அச்சப்பம் என்பர்; இலங்கையிலிருந்து வந்தோர் கொக்கிஸ் என்பர்; இப்பெயர் டச்சுக்காரர் விட்டுச் சென்றது. மூன்று பெயரும் வழங்கும் ஊரில், ஒரு வீட்டார் அச்சு முறுக்கையும் அடுத்த வீட்டார் அதிரசத்தையும் சுட்டு மாற்றிக்கொண்டால் இரு வீட்டு அடுப்புக்கும் பாதி விறகு மிஞ்சும். டப்பாவில் காற்றுப் புகாமல் அடைத்தால் அச்சு முறுக்கு இரண்டு வாரம் மொறுமொறுப்பு மாறாது.

ஒற்றை அறையும் ஒரு சமையற்கட்டும் உள்ள வீட்டில் மற்றொரு சிக்கலும் உண்டு. இருக்கும் ஒரே விளக்கின் கீழ், தேர்வுக்குப் படிக்கும் பிள்ளையும் வேண்டும், விரித்த போர்வையும் வேண்டும். தேர்வு முடியும் வரை விளக்கு பிள்ளைக்கே உரியது. அந்நாள்களில் பாட்டியின் பகல் தையலோடு நின்றுவிடுவதே முறை.

அவ்வாறு நின்றால் போர்வை முடியாதே என்பீர்கள். முடியாவிட்டால் என்ன? வங்காளத்தில் காந்தா என்னும் சேலைப் போர்வையைத் தாய் தொடங்கி மகள் முடிப்பதும் உண்டு. கருநாடகத்தின் வட கன்னட மாவட்டத்தில் வாழும் சித்திகள், ஆப்பிரிக்க மரபினர்; அவர்களுள் கத்தோலிக்கரும் பலர். அவர்களின் கவந்திப் போர்வையில் பல நிற ஒட்டுத் துணிகளும், சில வேளை சிலுவை வடிவும் இடம்பெறும். விளிம்பிலிருந்து தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவை நோக்கித் தைப்பர். நான்கு மூலையிலும் பூலா என்னும் மடிப்புப் பூவை வைக்காத போர்வையை ஆடையற்றது என்பர். அப்பூவிற்கு அவர்கள் செலவிடும் நேரத்தை எண்ணிப் பாருங்கள். நாள் குறித்து விரட்டப்படும் கைக்கு அது வாய்க்குமா?

பாலன் இயேசுவைத் துணிகளில் சுற்றி முன்னிட்டியில் கிடத்தினார் அன்னை என்று லூக்கா எழுதுகிறார். அத்துணி புதியது என்று எழுதவில்லை. நமக்குக் கிறிஸ்து பிறப்புக் காலம் ஒரே நாளில் முடிவதும் இல்லை. மூன்று இராசாக்கள் திருநாளாகிய ஜனவரி 6 வரை குடில் நம் வீட்டில் இருக்கிறது. தையின் குளிர் அதன் பிறகும் இருக்கிறது. பலகாரம் 25ஆம் தேதிக்கு வேண்டும். போர்வைக்கு அத்தேதி இல்லை. தேர்வு முடிந்த பிள்ளைகளும், விடுமுறையில் வந்த உறவினரும் சூழ இருக்கும் அந்தப் பன்னிரண்டு நாள்களில் எஞ்சிய வரிசைகளைப் பகலிலேயே போட்டு முடிக்கலாம். அத்தையும் சித்தியும் ஆளுக்கொரு மூலையில் அமர்ந்தால் ஒரு பிற்பகலில் பத்து வரிசை ஓடிவிடும்.

முடிந்த போர்வையைக் குழந்தையின் மேல் போர்த்துமுன் ஒன்று செய்க. பேத்தி நூல் கோத்த ஊசிகள் பத்து என்றால், பத்தும் டப்பாவில் திரும்பியிருக்கின்றனவா என்று எண்ணுங்கள். ஒன்று குறைந்தால் காந்தத் துண்டொன்றைப் போர்வை முழுதும் தடவிப் பார்த்துவிட்டே விரிக்க வேண்டும்.