புகைக்குழாயிற் படரும் நீலம்

ஊவா மலைத்தோட்டங்களில் ஒரு காலத்திற் பெரியதுரைக்குக் கார் என்றால், சின்னத்துரைக்குப் பெரும்பாலும் மோட்டார் சைக்கிள். வளைவுக்கு அப்பால் அதன் ஓசை எழுந்ததும், கொழுந்து கொய்யும் கைகள் தாமாகவே விரையும். 1972இலும் 1975இலும் வந்த காணிச் சீர்திருத்தங்களின் பின்னர் துரைமார் போயினர். வண்டிகள் சில இங்கேயே தங்கின. கைமாறிக் கைமாறி இன்று அவை பதுளையிலும் பண்டாரவளையிலும் ஆசிரியர் வீட்டு விறாந்தைகளிலும் மெக்கானிக்குகளின் கொட்டில்களிலும் நிற்கின்றன. பி.எஸ்.ஏ. வண்டிகளின் பிறப்பிடமான பர்மிங்காம் ஸ்மோல் ஹீத் ஆலையோ 1970களிலேயே மூடப்பட்டுவிட்டது. ஆதலின் துருவேறிய பழைய புகைக்குழாய்க்கு மாற்றாகப் புதியதொன்று தேடிப் பெறுவது, பெண்ணுக்கு வரன் தேடுவதற்குச் சற்றுங் குறைந்த பாடன்று.

அவ்வாறு பெற்ற குழாயைப் பூட்டி, முகம் பார்க்கும் அதன் பளபளப்பைக் கண்டு மகிழ்ந்து, ஒரு முறை ஓடிவந்து இறங்கினால், எஞ்சினை ஒட்டிய வளைவிலே வைக்கோல் மஞ்சள் தோன்றியிருக்கும். மறுநாள் அது ஊதாவாகும். ஒரு வாரத்திற் கருநீலம். உடையவர் உடனே முலாம் பூசியவரை ஏசத் தொடங்குவார். சங்கப் புலவர்கள் தலைவியின் மேனியிற் படரும் பசலையைப் பாடினார்கள். நிறம் மாறுவது வெளியே, நோய் இருப்பது உள்ளே. புகைக்குழாயின் பசலையும் அத்தகையதே. முலாம் பூசியவர் பெரும்பாலும் குற்றமற்றவர். குற்றவாளி எஞ்சினுக்குள் இருக்கிறான்.

அந்த நீலம் சாயமன்று. சூடேறிய உலோகத்தின் மேல் ஒட்சைட்டுப் படலம் ஒன்று படிகிறது. நீர்மேல் மிதக்கும் எண்ணெய் வானவில் காட்டுவது போல, அப்படலம் தடிக்குந்தோறும் ஒளி வெவ்வேறு நிறங் காட்டுகிறது. சாதாரண உருக்கு ஏறத்தாழ 230 பாகை செல்சியசில் வைக்கோல் நிறமும், 300 அளவில் நீலமும் கொள்ளும். இது கொல்லர் நெடுங்காலமாய் அறிந்த செய்தி. குரோமியம் இதனினும் கூடிய வெப்பத்தைத் தாங்க வல்லது. ஆயினும் எஞ்சின் வாயிலுள்ள முதல் வளைவில், அளவு தப்பிய வெப்பத்துக்கு அதுவும் தோற்கும். தேயிலை உலர்த்தியில் சூடு மிஞ்சினால் தூளிற் கருகல் வாடை ஏறுவதைத் தோட்டத்தவருக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

அளவு ஏன் தப்புகிறது? முதலாவது, தீப்பொறி பிந்துதல். பழைய வண்டிகள் பலவற்றில் மக்னீற்றோவின் பொறியை முற்படுத்தவும் பிற்படுத்தவும் கைப்பிடியில் ஒரு சிறு நெம்புகோல் உண்டு. உதைத்துக் கிளப்புகையிற் கால் முறியாதிருக்க அதைப் பிற்படுத்துவர். கிளம்பியபின் முற்படுத்த மறந்து, ஹாலி-எல ஏற்றத்தை அப்படியே ஏறினால், எரிந்து முடியாத வாயு புகைக்குழாய்க்குள்ளே சென்று எரியும். குழாய் மூட்டிற் காற்றுக் கசிவிருந்தாலும் அவ்வாறே. இறக்கத்தில் வண்டி பட்பட்டென வெடிப்பது அதற்கு அடையாளம்.

இரண்டாவது, கலவை மெலிதல். மலைநாட்டில் இது ஏமாற்றும் வகையில் வருகிறது. அப்புத்தளை போன்ற 1,400 மீற்றர் உயரத்திற் காற்றின் செறிவு கடல்மட்டத்தை விட ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு குறைவு. அங்கே கலவையிற் பெற்றோல் மிகுந்து, பிளக்கிற் கரி படியும். மெக்கானிக் காபுரேற்றரின் ஜெற்றைச் சிறிதாக்குவார், அல்லது ஊசியை ஒரு படி தாழ்த்துவார். அவ்விடத்துக்கு அது சரியான வைத்தியமே. அதே வண்டி எல்லக் கணவாய் வழியே, இருநூறு மீற்றர் உயரமே உள்ள வெல்லவாயவுக்கு இறங்கும்போது காற்று செறிகிறது. பெற்றோலோ அதற்கேற்ப மிகுவதில்லை. மெலிந்த கலவையுடன் சமவெளி வெயிலில் விரைந்தோடினால் குழாய் நீலம் பாரிக்கும். ஏற்றம் கெடுத்ததென்று பலர் எண்ணுவர். கெடுத்தது இறக்கத்தின் அடியிலுள்ள சமவெளி. புறப்படுமுன் ஊசியை மீண்டும் ஒரு படி உயர்த்திக்கொள்வது ஐந்து நிமிட வேலை.

மூன்றாவது காரணம் பரிதாபமானது. புதுக்குழாயைப் பூட்டியபின், கூடிநின்று வேடிக்கை பார்ப்போர் நடுவே, வண்டியை நின்ற நிலையில் அரைமணி நேரம் உறுமவிட்டுக் காபுரேற்றரைத் திருத்துகிறார்கள். காற்றோட்டமின்றிக் குழாய் வெந்துபோகிறது. இன்னும் ஒரு கல் தூரங்கூட ஓடவில்லை, அழகு போயிற்று!

ஆகவே எம் கருத்தில் தலையாய காப்பு ஒன்றுதான். பழைய குழாயைக் குப்பையில் வீசாதீர்கள். அதனுடனேயே பொறியின் நேரத்தையும் கலவையையும் திருத்துங்கள். ஓட்டிப் பார்த்துப் பிளக்கைக் கழற்றுங்கள். முனை வெளுத்திருந்தால் கலவை மெலிது, கறுத்திருந்தால் மிகை, தேநீர்ச்சாயம் போன்ற இளம் பழுப்பே நலம். எல்லாம் செவ்வையான பின்னரே புதியதைப் பூட்ட வேண்டும். பூட்டுமுன் அதன் உட்புறத்தில் வெப்பந்தாங்கும் பீங்கான் பூச்சைப் படியவிடுவாரும் உளர், ஓரளவு உதவும். பூட்டியபின் முதன்முறை கிளப்புமுன், கைரேகையும் எண்ணெய்ப்பசையும் முற்றாக நீங்கத் துடைத்தல் மிக முக்கியம். விரற்குறி ஒருமுறை வெந்து பதிந்தால் எளிதிற் போகாது. வெப்பநாடா சுற்றி மறைப்பதை நாம் விரும்பவில்லை. ஊவாவின் மாரி மழையில் அது ஈரத்தைப் பிடித்துவைத்துத் துருவை வளர்க்கும்.

நீலித்துவிட்ட குழாயை மென்மையான மெருகுப் பசையால் தேய்த்தால் நிறம் குறையும். ஆனால் நிக்கலின் மேலுள்ள குரோமியத்தின் தடிப்பு மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கினுங் குறைவு; முரட்டுத் தாள்கொண்டு தேய்ப்பவர் நீலத்தோடு முலாத்தையும் போக்கிவிடுவார். நோய் தீராமல் மேனியைத் தேய்த்தும் பயனில்லை. அடுத்த வாரமே நீலம் திரும்பிவரும். எல்லாம் ஒழுங்காயிருந்தும் முதல் வளைவில் விரற்கடையளவு வைக்கோல் மஞ்சள் நிற்குமானால், அதை அப்படியே விட்டுவிடலாம். ஒற்றைச் சுவர்க் குழாயில் அவ்வளவும் இயல்பே.