வெட்டிப்பொழுதே முதலீடு!

ஆத்தூர் பேருந்து நிறுத்தத்தை ஒட்டிய டீக்கடை. திண்டுக்கல் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நான்கு பையன்கள், நான்கு போன்கள், ஒரே விளையாட்டு. "மச்சி, நாக் ஆயிட்டேன், ரிவைவ் குடுறா!" என்று ஒருவன் அலற, "வர்றேன், இரு" என்கிறான் பக்கத்திலிருப்பவன், தலை நிமிராமல். டீயில் ஆடை படிந்துவிட்டது. "இதுல என்னத்தக் கண்டீங்களோ" என்று அலுத்துக்கொள்கிறார் கடைக்கார அம்மா.

அந்தக் கேள்வியைத் தன்னிடமே கேட்டு, பதிலை ஒரு தொடராக எடுத்தவர் அமெரிக்க நடிகை ஃபெலீசியா டே.

1979-ல் அலபாமா மாநிலத்தில் பிறந்தவர். பெரும்பாலும் வீட்டிலேயே படித்து, 16 வயதில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, கணிதம், வயலின் இரண்டிலும் பட்டம் வாங்கினார். பிறகு நடிக்கப் போனார். 'பஃபி தி வாம்பயர் ஸ்லேயர்' தொடரில் சிறு வேடம், சில விளம்பரங்கள். வாய்ப்பில்லாத நாட்களில் 'வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்' என்ற ஆன்லைன் விளையாட்டில் விழுந்தார்; எழுந்திருக்க வெகுநாள் ஆயிற்று.

எழுந்ததும் அந்த நாட்களையே திரைக்கதையாக்கினார். அரைமணி நேரத் தொலைக்காட்சித் தொடராக வரவேண்டும் என்பது ஆசை. 'கேம் ஆடுறவங்க கதையை எத்தனை பேர் பார்ப்பாங்க' என்று தயங்கியது தொலைக்காட்சி உலகம். தோழி கிம் ஈவி, இணையத்திலேயே வெளியிடலாம் என்றார். 2007 ஜூலையில் யூடியூபில் வந்தது 'தி கில்டு'.

ஒன்றாகச் சேர்ந்து ஆடும் குழுவுக்குத்தான் 'கில்டு' என்று பெயர். கதையில் ஆறு பேர். விளையாட்டுக்குள் ஒருவருக்கொருவர் உயிர் கொடுப்பவர்கள்; நேரில் பார்த்ததே இல்லை. ஃபெலீசியா நடித்த கோடெக்ஸ், விளையாட்டில் மற்றவர் காயத்தை ஆற்றும் வைத்தியக்காரி. வெளியே, ஆலோசனை சொல்லும் மனநல நிபுணரே கைவிட்ட பெண். ஒருநாள் குழுவிலுள்ள ஸபூ, அவளது பேச்சைக் காதல் என்று நினைத்து, பெட்டியோடு வாசலில் வந்து நிற்கிறான். அவன் முழுப்பெயர் சுஜன் பாலகிருஷ்ணன் கோல்ட்பெர்க்! நடித்தவர் இந்திய வம்சாவளியினரான சந்தீப் பாரிக். பிள்ளையை முந்தானைக்குள்ளேயே வைத்திருக்கும் ஸபூவின் அம்மாவோடுதான் முதல் சீசனின் இறுதிப் போர். பூதங்களை வீழ்த்திய வீரர்கள் ஓர் அம்மாவிடம் திணறுவார்கள். நமக்கு விளக்கவுரை தேவையில்லாத இடம்.

விரும்பிக் கொடுத்த பணம்

முதல் மூன்று அத்தியாயங்கள் கைக்காசில் எடுக்கப்பட்டவை. காசு தீர்ந்ததும் பார்வையாளர்களிடமே கேட்டார்கள். நம்மூர்த் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி போடுவோம். இங்கே வரி போட ஆளில்லை, இருந்தும் பேபால் வழியாகப் பணம் வந்தது. 'இது எங்க கதை' என்று நினைத்தவர்கள் கொடுத்த பணத்தில் முதல் சீசன் முடிந்தது. பிறகு மைக்ரோசாஃப்ட்டின் எக்ஸ்பாக்ஸ் ஆதரவு கிடைத்தது. கதையின் உரிமையை மட்டும் ஃபெலீசியா கையைவிட்டுப் போகவிடவில்லை. 2013 வரை ஆறு சீசன்கள் வந்தன.

2012-ல் 'கீக் அண்ட் சன்ட்ரி' என்ற யூடியூப் சேனலைத் தொடங்கினார். மேசை விளையாட்டு, காமிக்ஸ், மாயாஜாலக் கதை என்று ஊரார் சிரிக்கும் பித்துகளுக்கெல்லாம் அங்கே இடம் இருந்தது. நண்பர்கள் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டிக் கதை சொல்லும் 'கிரிட்டிகல் ரோல்' 2015-ல் 'கீக் அண்ட் சன்ட்ரி'யின் நேரலையில்தான் தொடங்கியது. இன்று அது தனி நிறுவனம்.

சொந்தக் கூட்டமே கல்லெறிந்த காலமும் உண்டு. 2014-ல், விளையாட்டு உலகில் பெண்கள் மிரட்டப்படுவதைப் பற்றி, தனக்கும் பயமாக இருக்கிறது என்று எழுதினார். சிறிது நேரத்தில் அவர் வீட்டு முகவரியை யாரோ பகிரங்கமாகப் போட்டார்கள். எழுதியது தப்பில்லை என்று காட்டிவிட்டது அந்தச் செயல். அவர் ஒதுங்கவில்லை. மறுவருடம் தன் வாழ்க்கையையே புத்தகமாக எழுதினார்.

'வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்' ஆடியவர்கள் உலகெங்கும் லட்சக்கணக்கானோர். திரையில் விழும் எதிரியைவிட, திரைக்கு இந்தப்பக்கம் இருப்பவர்களின் சண்டையிலும் பொறாமையிலும் பாசத்திலும் கதை இருக்கிறது என்று கண்டவர் அவர்.

திண்டுக்கல் பஸ் வந்துவிட்டது. போன்கள் பாக்கெட்டுக்குள் போயின, வாய்கள் ஓயவில்லை. "நீ ஏன்டா என்னைக் காப்பாத்த வரலை?" என்று கேட்டபடியே ஏறுகிறான் ஒருவன். குரல் உண்மையிலேயே கம்முகிறது. ஆறிய டீயைக் கொட்டிக்கொண்டே கடைக்கார அம்மா சிரிக்கிறார்: "நெசமாவே செத்துப் பொழைச்சவன் மாதிரில்ல கேக்குறான்!"