வைத்தியரின் நாவும் மருந்தே

நோயைக் கண்டறியக் கருவிகள் எத்தனையோ வந்துவிட்டன. ஆயினும் முதற்கருவி நோயாளியின் வாய்ச்சொல்லே என்பதை மறுப்பாரில்லை. சின்னாளப்பட்டித் தறியில் பகல் முழுதும் உழைத்த நெசவாளி ஆஸ்பத்திரிக்குச் சென்று, 'குடைச்சல்' என்கிறார், 'உளைச்சல்' என்கிறார், 'மதமதப்பு' என்கிறார். இவை மூன்றும் ஒன்றல்ல. மூட்டில் கோளாறா, தசையின் அயர்வா, நரம்பின் குறையா என்று வைத்தியருக்கு வழிகாட்டும் சொற்கள் அவை. எல்லாவற்றையும் 'வலி' என்று ஒரே சொல்லில் எழுதி முடித்தால், பரிசோதனை தொடங்குமுன்பே பாதி விஷயம் போய்விடுகிறது.

இது மரியாதையைப் பற்றிய பேச்சு மட்டுமன்று. க்ஷயரோகத்துக்கு மருந்து சாதாரணமாக ஆறு மாதம் உண்ண வேண்டும். இருமல் நின்றதும் நிறுத்திவிட்டால் நோய் மீளும்; மருந்துக்கு அடங்காத கிருமியும் தோன்றக்கூடும். இதை நோயாளிக்கு விளங்கச் சொல்லாத வைத்தியர், சீட்டு எழுதினாரேயன்றிச் சிகிச்சை செய்தாரில்லை.

இவ்வுண்மையை நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே உணர்ந்தவர் ஒரு அமெரிக்கர். 1847இல் யாழ்ப்பாணம் வந்த டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன், அடுத்த ஆண்டே வைத்திய வகுப்பைத் தொடங்கினார். ஆங்கிலத்தில் பயின்றவர்கள் சர்க்கார் உத்தியோகத்தை நாடிக் கிராமங்களை விட்டகன்றதைக் கண்ட அவர், 1864 முதல் மானிப்பாயில் தமிழிலேயே போதித்தார். அதற்காகத் தாமே தமிழ் கற்று, உடற்கூறு, இரண வைத்தியம், பிரசவம் முதலியவை பற்றிய நூல்களைத் தமிழாக்கினார். அந்நியருக்குப் புலனான தேவை நமக்குப் புலனாகாதிருப்பானேன்?

தூரம் போவானேன்? சின்னாளப்பட்டியை அடுத்த காந்திகிராமத்தை 1947இல் நிறுவியவர்களுள் ஒருவரான டாக்டர் சௌந்தரம் ராமச்சந்திரன் அம்மையார், நகரத்தில் தொழில் நடத்திப் பொருளீட்டியிருக்கலாம். அவரோ கிராமத்துத் தாய்மாரிடையே அமர்ந்து வைத்தியம் செய்தார். ஜனங்களிடம் சுகாதாரத்தை எடுத்துச்சொல்லும் ஊழியரைப் பயிற்றும் ஸ்தாபனமும் அங்கே வளர்ந்தது.

2019இல் இந்திய வைத்தியப் படிப்பின் பாடத்திட்டம் திருத்தப்பட்டபோது, மனப்பாங்கு, அறநெறி, நோயாளியுடன் உரையாடல் ஆகிய மூன்றும் தனிப் பாடமாக இடம்பெற்றன. தொடக்க வகுப்பில் பிரதேச பாஷைக்கும் இடமளிக்கப்பட்டது. இதனை நாம் மனமார வரவேற்கிறோம். ஆனால் உரையாடலை ஆங்கிலப் பிரசங்கத்தால் கற்பிப்பது, நீச்சலைக் கரையில் நின்று கற்பிப்பதை ஒக்கும்.

ஆங்கிலத்தின்மீது நமக்குப் பகையில்லை. உலக அறிவு அதன் வழியே வருவதை நாம் அறிவோம். எனினும் அவ்வறிவு நோயாளியின் வீட்டுக்குள் நுழையத் தமிழே வாயில். ஆகவே 2022 ஜனவரியில் திறக்கப்பெற்ற திண்டுக்கல் சர்க்கார் வைத்தியக் கல்லூரி முதலாகத் தமிழ்நாட்டுக் கல்லூரிகள் அனைத்திலும், மாணவர் நோயாளியிடம் தமிழில் வரலாறு கேட்டு, நோயையும் மருந்தையும் விளக்கி, கேட்டதைத் திருப்பிச் சொல்லச் செய்து தேற வேண்டுமென்று விதிக்க வேண்டும். வெளிமாநில மாணவருக்கும், ஆங்கிலத்திலேயே படித்து வந்த தமிழ் மாணவருக்கும் இவ்விதி ஒன்றாகவே இருக்கட்டும்.

ஆஸ்பத்திரிக் கட்டடத்துக்குக் கோடிக்கணக்கில் செலவிடும் சர்க்காருக்கு இதனால் ஆகும் செலவு சொற்பம். ஏழை நோயாளிக்கு விளையும் பயனோ பெரிது. ஊர்தோறும் பொது ஊழியம் புரியும் நம் வாசகர்கள் இக்கோரிக்கையை எழுப்புவார்களாக.